விண்டோஸ் 11க்கு மாறியபின் ஃபைலைக் காணவில்லையா, அட்மின் அனுமதி இல்லை என்கிறதா? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதையொட்டிப் பலரும் புதிய விண்டோஸுக்கு மாறினார்கள். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் இருந்துகொண்டு வீடுகள், பள்ளிகள், தேவாலயப் பங்கு அலுவலகங்கள், அச்சகங்கள் என்று கணினிப் பழுதுபார்க்கப் போகிறவன் நான். களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை எங்கே போனாலும் இரண்டே குறைதான் காதில் விழுகிறது. "புது விண்டோஸ் போட்டோம், ஃபைல் எல்லாம் போய்விட்டது." "என் கம்ப்யூட்டர், ஆனால் எனக்கே அனுமதி இல்லை என்கிறது."

நான் பார்த்தவரை இப்படி வரும் கணினிகளில் பெரும்பாலானவற்றில் ஃபைல் அழிந்திருக்கவில்லை. வேறு ஃபோல்டரில் கிடந்தது, அல்லது பழைய கணக்கின் பெயரில் பூட்டியிருந்தது. உண்மையிலேயே அழிந்துபோன சில இடங்களில், பதற்றத்தில் யாரோ இன்னொரு முறை ஃபார்மட் செய்திருந்தார்கள். அதனால் கீழே உள்ளதைப் படித்து முடிக்கும்வரை ஃபார்மட் வேண்டாம், 'ரீசெட் திஸ் பிசி' வேண்டாம், இடம் காலி செய்கிறேன் என்று எதையும் அழிக்கவும் வேண்டாம்.

## தொடங்கும் முன்: எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள்?

'செட்டிங்ஸ்' திறந்து 'அக்கவுன்ட்ஸ்', அதில் 'யுவர் இன்ஃபோ' பாருங்கள். உங்கள் பெயருக்குக் கீழே 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று இருந்தால் அட்மின் உரிமை, அதாவது எதையும் நிறுவவும் மாற்றவும் அனுமதி, உங்களிடம் இருக்கிறது. அந்தச் சொல் இல்லாவிட்டால் நீங்கள் சாதாரணப் பயனர். மின்னஞ்சல் முகவரியும் சேர்ந்து தெரிந்தால் அது மைக்ரோசாஃப்ட் கணக்கு. அந்த முகவரி யாருடையது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். நம் மாவட்டத்தில் இது முக்கியமான கேள்வி. வளைகுடாவில் வேலை செய்யும் மகனோ மருமகனோ விடுமுறைக்கு வந்தபோது மடிக்கணினி வாங்கித் தந்து, தன் மின்னஞ்சலைப் போட்டே தொடங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். சாவி அங்கே, பெட்டி இங்கே. பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்கு இதுதான் வேர்.

## அறிகுறி 1: டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் காலியாக இருக்கின்றன

முதல் சந்தேகம்: மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவ். புதிய விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்றும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம் மாறியிருக்கக்கூடும். அப்போது டாக்குமென்ட்ஸ் என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். சி டிரைவில் 'யூசர்ஸ்' திறந்து, உங்கள் பெயருள்ள ஃபோல்டருக்குள் போங்கள். அங்கே நேரடியாக ஒரு டாக்குமென்ட்ஸ், 'ஒன்டிரைவ்' ஃபோல்டருக்குள் இன்னொரு டாக்குமென்ட்ஸ். இரண்டையும் திறந்து பாருங்கள்.

'யூசர்ஸ்' உள்ளே உங்கள் பெயர் முழுதாக இருக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய கணினியில் மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்துகளைத்தான் விண்டோஸ் ஃபோல்டர் பெயராக வைக்கிறது. கருங்கல் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பன்னிரண்டு வருட வினாத்தாள்கள் போய்விட்டன என்று கலங்கிப்போய் அழைத்தார். போய்ப் பார்த்தால் 'யூசர்ஸ்' உள்ளே அவருக்குப் பழக்கமான பெயரில் ஒரு ஃபோல்டர், பக்கத்தில் அரைகுறையாக வெட்டிய பெயரில் இன்னொன்று. "டீச்சர், இது யார் பெயர்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "இது என் மகன் பெயரின் பாதி அல்லவா தம்பி" என்றார். மகனின் மின்னஞ்சலில் புதுக் கணக்கு தொடங்கியிருக்கிறது. வினாத்தாள்கள் பழைய ஃபோல்டரில் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன.

ஃபைல் ஒன்டிரைவில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு ஃபைலின் அருகிலும் உள்ள குறியைப் பாருங்கள். பச்சை டிக் என்றால் ஃபைல் கணினியிலும் இருக்கிறது. நீல மேகம் என்றால் இணையத்தில் மட்டுமே இருக்கிறது. இணைப்பு இல்லாதபோது திறக்காது, பென்டிரைவுக்கும் போகாது. அப்படிப்பட்ட ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுங்கள். எல்லாம் பச்சையாகும்வரை காத்திருங்கள். பிறகு முழுவதையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுங்கள். அதன் பின்பே ஒன்டிரைவ் அமைப்பில் 'சின்க் அண்ட் பேக்கப்', 'மேனேஜ் பேக்கப்' போய் மூன்று ஃபோல்டர்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தலாம்.

வரிசையை மாற்றாதீர்கள். "ஒன்டிரைவ் வேண்டாம்" என்று முதலிலேயே அந்த ஃபோல்டரில் உள்ளதை அழித்தவர்களுக்கு இணையத்திலும் அது அழிந்துவிட்டது. அழித்து 30 நாட்களுக்குள் என்றால் ஒன்டிரைவின் இணையப் பக்கத்தில் உள்ள குப்பைத்தொட்டியிலிருந்து மீட்கலாம். அதற்கு மேல் போனால் என்னால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை. இலவச இடம் 5 ஜிபி மட்டும் என்பதையும் மனதில் வையுங்கள். ஒரு திருமண ஆல்பம் போதும், நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு புதிதாக எதுவும் மேலே போகாது.

இரண்டாவது: தற்காலிகக் கணக்கு. நுழைந்தவுடன் 'வீ கான்ட் சைன் இன் டு யுவர் அக்கவுன்ட்' என்ற செய்தி வந்து, டெஸ்க்டாப் புதிதாக வாங்கியதுபோல் வெறுமையாக இருந்தால் இதுதான். ஜூனிலும் அக்டோபரிலும் என்று இரண்டு பருவமழையும் கொட்டுகிற மாவட்டம் இது. கணினி ஓடும்போது மின்சாரம் போய்ப் போய் வந்தால் பயனர் கணக்கின் பதிவு சிதைவதுண்டு. இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், பலமுறை அதிலேயே சரியாகும். சரியாகும்வரை அந்தத் திரையில் எதையும் சேமிக்காதீர்கள். வெளியேறியவுடன் அது அழிந்துவிடும். ஐந்தாவது முறையும் அதே செய்தி என்றால், அட்மின் உரிமையுள்ள வேறு கணக்கில் நுழைந்து 'யூசர்ஸ்' வழியே பழைய ஃபைல்களை நகல் எடுத்துவிட்டு, புதுக் கணக்கு தொடங்குவதே நல்லது.

மூன்றாவது: 'விண்டோஸ்.ஓல்ட்'. ஃபார்மட் செய்யாமல் மேலேயே புதிதாகப் போட்டிருந்தால் சி டிரைவில் இந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் 'யூசர்ஸ்', அதற்குள் உங்கள் பழைய பெயர். 10 நாட்களில் விண்டோஸ் இதைத் தானாகவே அழித்துவிடும். கண்ட அன்றே நகல் எடுங்கள். அனுமதி இல்லை என்றால் அறிகுறி 2க்குப் போங்கள்.

நிபுணரிடம் போகவேண்டிய இடம்: மேலே உள்ள மூன்று இடங்களிலும் இல்லை, ஃபார்மட் செய்தது உறுதி. கணினியை உடனே அணைத்துவிடுங்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் மீட்பதற்கு ஓரளவு வாய்ப்பு உண்டு. சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. இணையத்தில் கிடைக்கும் மீட்பு மென்பொருளை அதே டிஸ்கில் இறக்கி நிறுவாதீர்கள்; மீட்க வேண்டியதன் மேலேயே அது போய் உட்கார்ந்துகொள்ளும்.

## அறிகுறி 2: ஃபோல்டர் கண்ணுக்குத் தெரிகிறது, திறந்தால் அனுமதி இல்லை என்கிறது

பழைய கணினியின் டிஸ்கை யுஎஸ்பி வழியாகச் செருகும்போதும், 'விண்டோஸ்.ஓல்ட்' திறக்கும்போதும் வருவது. பழைய கணினியிலும் இதே பெயர்தானே வைத்திருந்தேன் என்பார்கள். விண்டோஸ் பெயரைப் பார்ப்பதில்லை. கணக்கு தொடங்கும்போது தந்த நீண்ட எண்ணைப் பார்க்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் எண் வேறு.

முதலில் செய்வது: அட்மின் கணக்கில் நுழைந்து, அந்தச் செய்தியிலேயே உள்ள 'கன்டின்யூ' அழுத்துங்கள். பெரும்பாலும் இது போதும். ஆனால் காத்திருக்க வேண்டும். மேலே முகவரிப் பட்டையில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக ஊர்ந்து போகும். உள்ளே ஐம்பதாயிரம் படங்கள் இருந்தால் ஒவ்வொன்றாகத் தொட்டுத்தான் அது நகரும். நின்றுவிட்டது என்று நினைத்து நடுவில் டிஸ்கைப் பிடுங்கியவர்களின் கணினியில், பாதி ஃபோல்டர் திறந்தும் பாதி பூட்டியும் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அது பலிக்காவிட்டால் உரிமையாளரை மாற்றுங்கள். ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து 'ப்ராபர்ட்டீஸ்', 'செக்யூரிட்டி', 'அட்வான்ஸ்டு' என்று போங்கள். மேலே 'ஓனர்' என்ற வரியில் 'சேஞ்ச்' இருக்கும். அதை அழுத்தி, வரும் பெட்டியில் மீண்டும் 'அட்வான்ஸ்டு', பிறகு 'ஃபைண்ட் நவ்'. கீழே பெயர்ப் பட்டியல் விரியும். அதில் உங்கள் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பெயரைக் கையால் தட்டச்சு செய்யச் சொல்லித்தான் பலரும் கற்றுக்கொடுக்கிறார்கள். ஓர் எழுத்து பிசகினாலும் ஏற்காது என்பதால் பட்டியலே மேல். திரும்பி வந்ததும் 'ரீப்ளேஸ் ஓனர்' என்று தொடங்கும் கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் வெளிக்கதவு மட்டும் திறக்கும், உள்ளறைகள் பூட்டியே இருக்கும். எல்லாவற்றுக்கும் ஓகே கொடுத்து மூடுங்கள். மறுபடி 'ப்ராபர்ட்டீஸ்' திறந்து 'செக்யூரிட்டி', 'எடிட்', 'ஆட்' வழியாக உங்கள் பெயரைச் சேர்த்து 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுங்கள்.

இதை உங்கள் பழைய பயனர் ஃபோல்டர் ஒன்றுக்கு மட்டுமே செய்யுங்கள். சி டிரைவ் முழுவதற்கும், 'விண்டோஸ்' ஃபோல்டருக்கும், 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்கும் செய்யவே கூடாது. அப்படிச் செய்த கணினியில் அப்டேட் நின்றுபோகும், ஸ்டார்ட் மெனு திறக்காது. அதைச் சீராக்க ஒரே வழி விண்டோஸை மீண்டும் நிறுவுவது என்ற நிலைக்குப் போன கணினிகளை நானே கையாண்டிருக்கிறேன். அந்த வேதனை வேண்டாம்.

டிஸ்கே விட்டுவிட்டுத் தெரிந்தால்: அது அனுமதிச் சிக்கல் அல்ல. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர வீடுகளில் உப்புக்காற்று பட்டு யுஎஸ்பி முனையில் பச்சை பூத்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும். கடற்கரைப் பங்கு அலுவலகம் ஒன்றில் ஞானஸ்நானப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து வைத்திருந்த டிஸ்க் இப்படித்தான் திடீர் திடீரென்று மறைந்தது. அனுமதியை மாற்றி மாற்றி இரண்டு நாள் போராடியிருந்தார்கள். கேபிளை மாற்றியதும் ஐந்தே நிமிடத்தில் படிக்கத் தொடங்கியது. வேறொரு நல்ல டிஸ்குக்கு அன்றே எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தேன்.

நிபுணரிடம் போகவேண்டிய இடம்: டிஸ்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் அந்த நொடியே மின்சாரத்தைத் துண்டியுங்கள். உரிமையாளரை மாற்றிய பிறகும் சில ஃபைல்கள் மட்டும் திறக்கவில்லை, அவற்றின் மேல் சிறு பூட்டுக் குறி இருக்கிறது என்றால் அவை பழைய கணக்கின் சான்றிதழால் மறைகுறியாக்கம் செய்யப்பட்டவை. பழைய விண்டோஸ் இன்னும் எங்காவது ஓடுகிறதா என்று தேடுங்கள். அது ஓடினால் வழி உண்டு.

## அறிகுறி 3: எதை நிறுவினாலும் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது, அல்லது தடுக்கிறது

பிரின்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி என்று எதைப் போட்டாலும் ஒரு பெட்டி வந்து வேறு யாருடைய பெயரையோ காட்டி பாஸ்வேர்டு கேட்கிறதா? அந்தப் பெயருக்கு உரியவர்தான் அட்மின். விற்ற கடை வைத்துப்போன கணக்காக இருக்கலாம், வெளிநாட்டில் இருக்கும் மகனாகவும் இருக்கலாம். அவரிடம் பாஸ்வேர்டு வாங்கி ஒரே ஒரு முறை நுழைந்து, 'அக்கவுன்ட்ஸ்', 'அதர் யூசர்ஸ்' போய் உங்கள் பெயரருகே 'சேஞ்ச் அக்கவுன்ட் டைப்' கொடுத்தால் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் அவருடைய கைப்பேசிக்குச் சரிபார்ப்பு எண் போகலாம். மஸ்கட்டில் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதையும் வேலை நேரத்தையும் பார்த்து, முதலில் அழைத்துச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். எண் சில நிமிடங்களே செல்லும்.

பாஸ்வேர்டே கேட்காமல், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளதை மட்டும்தான் நிறுவ முடியும் என்று சொன்னால் அது 'எஸ் மோடு'. அட்மினாக இருந்தாலும் தடுக்கும். 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஆக்டிவேஷன்' வழியாக ஸ்டோருக்குப் போய் அதிலிருந்து வெளியேறலாம். கட்டணம் இல்லை. வெளியேறினால் திரும்பப் போக முடியாது, போகவேண்டிய தேவையும் பெரும்பாலும் வராது.

ஒரு வேண்டுகோள். அனுமதி கேட்கும் பெட்டி தொல்லை என்று அதை அடியோடு நிறுத்தச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். நான் செய்து கொடுப்பதில்லை. அந்தப் பெட்டிதான், தெரியாமல் திறந்த ஃபைல் ஒன்று கணினி முழுவதிலும் கைவைக்குமுன் உங்களைக் கேட்கிறது. வீட்டில் பிள்ளைகளும் அதே கணினியைப் பயன்படுத்தினால் அவர்களுக்குத் தனியாகச் சாதாரணக் கணக்கு தொடங்கிக் கொடுங்கள். அட்மின் கணக்கு ஒன்று போதும். அதன் பாஸ்வேர்டு வீட்டில் இருக்கும் ஒரு பெரியவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

## அறிகுறி 4: ஃபைல் திறக்கிறது, சேமிக்க மட்டும் விடவில்லை

எங்கே சேமிக்கிறீர்கள் என்று பாருங்கள். சி டிரைவில் நேரடியாகவோ, 'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளேயோ என்றால் விண்டோஸ் மறுக்கும். டாக்குமென்ட்ஸிலோ டி டிரைவிலோ சேமித்தால் சரியாகிவிடும். பழைய வரவுசெலவுக் கணக்கு மென்பொருள் சில தங்கள் தரவை நிறுவிய இடத்திலேயே எழுதப் பார்க்கும். ஒரு முறை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்து சேமியுங்கள். சேமிக்க முடிந்தால் காரணம் அதுதான் என்று உறுதி. அதையே தினசரி வழக்கமாக்காமல், அந்த மென்பொருளின் அமைப்பில் தரவு ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றுங்கள்.

அங்கும் சேமிக்கவில்லை, மூலையில் 'அன்ஆதரைஸ்டு சேஞ்சஸ் பிளாக்டு' என்று அறிவிப்பு வருகிறது என்றால், 'விண்டோஸ் செக்யூரிட்டி' உள்ளே 'ரேன்சம்வேர் புரொடெக்‌ஷன்' திறந்து, அந்த மென்பொருளை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள். பாதுகாப்பையே அணைத்துவிடாதீர்கள்.

அச்சகத்தாருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மார்த்தாண்டத்தில் அழைப்பிதழ் அச்சிடும் ஓர் இளைஞர், "அண்ணே, பாமினி எழுத்துரு வேர்டில் வருகிறது, பேஜ்மேக்கரில் வரவில்லை" என்றார். எழுத்துருவை இரண்டு முறை தட்டி 'இன்ஸ்டால்' கொடுத்தால் புதிய விண்டோஸ் அதை அந்தப் பயனருக்கு மட்டும் நிறுவுகிறது. பழைய மென்பொருள்கள் அந்த இடத்தைப் பார்ப்பதில்லை. எழுத்துருவில் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுத்து, மென்பொருளை மூடித் திறக்கச் சொன்னேன். முந்நூறு எழுத்துருக்களையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தே கொடுக்கலாம். அட்மின் உரிமை வேண்டும்.

## அறிகுறி 5: நீலத்திரை, 48 இலக்க எண் கேட்கிறது

இதை நினைத்துத்தான் எனக்கு உண்மையான கவலை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் பல கணினிகளில் டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டப்படுகிறது. மதர்போர்டு மாற்றினாலோ, பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்) அப்டேட் செய்தாலோ விண்டோஸ் சந்தேகப்பட்டு மீட்பு எண்ணைக் கேட்கும். எண் இல்லாவிட்டால் நான் உட்பட யாராலும் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

எண் எங்கே இருக்கும்? கணினியை முதலில் எந்த மின்னஞ்சலில் தொடங்கினார்களோ அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில். கைப்பேசியில் அந்தக் கணக்கின் இணையப் பக்கத்துக்குள் நுழைந்து, 'டிவைசஸ்' பகுதியில் 'பிட்லாக்கர்' (டிஸ்கைப் பூட்டும் வசதியின் பெயர்) மீட்பு எண்களைத் தேடுங்கள். பல எண்கள் இருந்தால், நீலத்திரையில் காட்டும் 'கீ ஐடி'யின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டுச் சரியானதை எடுங்கள். அலுவலகக் கணினி என்றால் அலுவலகக் கணக்கிலோ, கணினிப் பிரிவினரிடமோ இருக்கும்.

இப்போது கணினி நன்றாக ஓடுகிறவர்கள் இன்றே பாருங்கள்: 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'டிவைஸ் என்கிரிப்ஷன்'. 'ஆன்' என்று இருந்தால் அந்த 48 இலக்கங்களைத் தாளில் எழுதி ஆதார், ரேஷன் அட்டை வைக்கும் பையிலேயே வையுங்கள். பழுதுபார்க்கக் கடையில் கொடுக்கும் முன்பும் எண் கையில் இருப்பதை உறுதிசெய்யுங்கள்.

## அறிகுறி 6: லினக்ஸ் போட்ட கணினியில் டி டிரைவில் எழுத முடியவில்லை

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றில் பலருக்கும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கிறேன். பழைய விண்டோஸும் கூடவே இருந்தால், டி டிரைவைப் படிக்க முடியும், எழுத முடியாது என்ற நிலை வரும். விண்டோஸை 'ஷட் டவுன்' செய்யும்போது அது முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருப்பதே காரணம். விண்டோஸுக்குள் போய் 'ரீஸ்டார்ட்' கொடுத்து, வரும் பட்டியலில் லினக்ஸைத் தேர்ந்தெடுங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் விண்டோஸின் 'பவர் ஆப்ஷன்ஸ்' உள்ளே 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

## கடையில் கொடுக்கும்போது

கணினியோடு ஒரு தாளும் கொடுங்கள். கடைசியாக என்ன செய்தீர்கள், எந்தத் தேதியில், எந்த மின்னஞ்சலில் கணக்கு, எந்த ஃபோல்டர் வேண்டும். மேலே பெரிதாக எழுதுங்கள்: "ஃபைல்கள்தான் முக்கியம். என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்ய வேண்டாம்." கடைக்காரர் படித்துவிட்டுத் தலையசைத்த பிறகே கணினியைக் கையிலிருந்து விடுங்கள்.